கடுதாசி யார் வீட்டில் இருக்கிறது?

1978-ம் வருடம். ஏப்ரல் 1-ம் தேதி.

அமெரிக்காவில் அர்பாநெட் என்றொரு கம்ப்யூட்டர் வலைப்பின்னல் ஓடிக்கொண்டிருந்தது. இன்டர்நெட்டுக்குத் தாத்தா முறை. அதில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. யாருக்காவது புதிதாக ஒரு யோசனை தோன்றினால், எழுதி, நம்பர் போட்டு, எல்லோருக்கும் சுற்றுக்கு விடுவார்கள். ஆர்.எஃப்.சி. என்று பெயர். 'படிச்சுப் பார்த்துட்டு கருத்து சொல்லுங்க சார்' என்பது அதன் உத்தேச அர்த்தம். அன்றைக்கு வந்தது 748-ம் நம்பர்.

விஷயம் இதுதான். நெட்வொர்க்கில் பல கம்ப்யூட்டர்கள் அடிக்கடி படுத்துவிடுகின்றன. டேட்டாவைத் தொலைக்கின்றன. புரோகிராம்கள் தப்பும் தவறுமாக ஓடுகின்றன. இதெல்லாம் அவர்கள் தரும் சேவையில் ஓர் அம்சம் போலிருக்கிறது. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறதே? ஆகவே, 'எனக்கு இந்த சேவை வேண்டாம், தொலைப்பதை தயவுசெய்து நிறுத்து' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு வசதி தேவை.

முழு நீள நக்கல். முட்டாள்கள் தினத்துக்காக வந்த முதல் ஆர்.எஃப்.சி. இதுதான். இன்றுவரை அந்த சம்பிரதாயம் தொடர்கிறது. எழுதியவர் பெயர் மார்க் கிரிஸ்பின். வயது 21. முந்தைய வருடம்தான் காலேஜ் முடித்திருந்தார்.

தொலைவதைப் பற்றி ஜோக் அடித்த இந்த ஆசாமிதான் பிறகு வாழ்நாள் பூராவும் ஒரே ஒரு விஷயத்துடன் மல்லுக்கட்டினார். கடிதம் தொலையக்கூடாது. எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் அதே கடிதம், அதே இடத்தில், அதே நிலையில் இருக்க வேண்டும்.

இன்று உங்கள் போனில் ஆபீஸ் மெயில், சொந்த மெயில், பேங்க்காரன் தொல்லைக்கென்று ஒதுக்கிய மெயில் என்று மூன்று நான்கு கணக்குகள் இருக்கலாம். ரயில் சுரங்கத்துக்குள் போகும்போதும் பழைய கடிதங்களைப் படிக்கிறீர்கள். வெளிச்சத்துக்கு வந்ததும் புதுசு வந்து ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், போனில் படித்தது அங்கேயும் படித்ததாகவே இருக்கிறது. யாரும் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை. இது சும்மா வந்துவிடவில்லை.

கொஞ்சம் பின்னால் போகலாம்.

1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் அனுப்பிக் காட்டினார். நடுவே அந்தச் சுழித்த 'அட்' குறியைப் போட்டவரும் அவர்தான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம், அந்தக் காலத்தில் கடிதம் யார் வீட்டில் இருக்கிறது என்ற கேள்வியே கிடையாது. ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதிலிருந்து நூல் பிடித்த மாதிரி பல டெர்மினல்கள். கடிதம் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். நீங்கள் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து அங்கேயே படிக்க வேண்டும். கூட்டுக் குடும்பம். ஒரே அடுப்பு.

எண்பதுகளில் பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. குடும்பம் பிரிந்தது.

இப்போது சிக்கல். மெயில் என்பது வாசல் கதவைத் தட்டும் தபால்காரர் மாதிரி. எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பெரிய கம்ப்யூட்டர் இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்கும். மேஜைக் கம்ப்யூட்டரை சாயந்திரம் ஆறு மணிக்கு அணைத்துவிட்டுப் போய்விடுவார்களே? தபால்காரர் வந்தால் கதவு பூட்டியிருக்கும்.

1984 அக்டோபரில் இதற்கொரு விடை வந்தது. ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்கிற பெண்மணி எழுதிய 918-ம் நம்பர் ஆர்.எஃப்.சி. போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால், சுருக்கமாக பாப். சில பக்கங்கள்தான். தபால் வந்தால் போஸ்ட் ஆபீஸில் உங்கள் பெட்டியில் போட்டு வைப்பார்கள். நீங்கள் சௌகரியப்பட்டபோது வந்து, பெட்டியைத் திறந்து, அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். பெட்டி காலி. கடிதங்கள் உங்கள் வீட்டில். லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். 1988-ல் மார்ஷல் ரோஸ் இதன் மூன்றாவது வடிவத்தை எழுதினார். பாப்-3. உலகம் அடுத்த இருபது வருடங்களுக்கு இதைத்தான் பிடித்துத் தொங்கியது.

எளிமையான ஏற்பாடு. ஆனால் உங்களுக்கு ஒரே ஒரு வீடு இருக்கிறவரைதான்.

ஸ்டான்ஃபோர்டில் இருந்த கிரிஸ்பினுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கான ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் வேலை. அங்கே மேஜைகளில் ஜெராக்ஸ் கம்பெனியின் லிஸ்ப் மிஷின்கள். பின்னால் டிஜிட்டல் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர். ஓர் ஆராய்ச்சியாளர் காலையில் இந்த மேஜையில் உட்காருவார். மாலையில் வேறு மேஜை. ராத்திரி வீட்டிலிருந்து டெலிபோன் லைனில். கடிதத்தை எந்த மேஜைக்கு அள்ளிக்கொண்டு போவது?

1986-ல் அவர் செய்தது தலைகீழான காரியம். கடிதம் போஸ்ட் ஆபீஸிலேயே இருக்கட்டும். நீ எங்கே இருந்தாலும் அங்கிருந்து எட்டிப் பார். எந்தக் கடிதம் படித்தாய், எதற்கு பதில் போட்டாய், எதை எந்தக் கட்டில் சேர்த்தாய் என்கிற குறிப்பெல்லாமும் போஸ்ட் ஆபீஸிலேயே இருக்கட்டும். பெயர் ஐமேப். ஐ என்றால் இன்டரிம். அதாவது 'இடைக்கால ஏற்பாடு'. பிற்பாடு அந்த ஐ-க்கு இன்டராக்டிவ் என்று அர்த்தம் சொன்னார்கள். அதற்கும் பிற்பாடு இன்டர்நெட் என்றார்கள். நம் ஊரில் தாற்காலிகமாகப் போட்ட பாலங்களே நிரந்தரமாகிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமாக இருக்காது.

1988-ல் கிரிஸ்பின் சியாட்டிலுக்கு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறினார். அடுத்த இருபது வருடம் அங்கேதான். அங்கேதான் 1989-ல் பைன் என்கிற மெயில் புரோகிராமை எழுத ஆரம்பித்தார்கள். சென்னையில் சில பேருக்கு இந்தப் பெயர் நெஞ்சில் மணி அடிக்கும். காரணம் பிறகு.

அதே 1988. இலினாய் பல்கலைக்கழகம். ஸ்டீவ் டார்னர் என்கிற புரோகிராமர், மேக்கின்டாஷுக்காக ஒரு மெயில் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். பாப் வழியாக கடிதத்தை இறக்கிக்கொண்டுவரும் ஜாதி. யூடோரா என்று பெயர் வைத்தார். யூடோரா வெல்டி என்கிற எழுத்தாளர், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போஸ்ட் ஆபீஸிலேயே குடியேறிவிடும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதிய சிறுகதை அமெரிக்காவில் பிரசித்தம். மெயில் புரோகிராம் எழுதி எழுதி தானும் போஸ்ட் ஆபீஸிலேயே குடியிருப்பதாக டார்னருக்குத் தோன்றியதாம். ஆகவே அந்தப் பெயர். பின்னால் குவால்காம் கம்பெனி யூடோராவையும் அவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 2018-ல் அதன் மூல நிரல் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தின் மூலமாகப் பொதுவில் வந்துவிட்டது.

யூடோராவில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவருக்கே பல மெயில் கணக்குகள் இருந்தால் அவற்றை அது 'அக்கவுன்ட்' என்று சொல்லவில்லை. 'பெர்சனாலிட்டி' என்றது. ஆபீஸ் கணக்கு ஒரு பெர்சனாலிட்டி. வீட்டுக் கணக்கு இன்னொன்று. அதில் ஒன்று தலைமை பெர்சனாலிட்டி. மனுஷர் புரோகிராமர்தானா, மனோதத்துவ டாக்டரா என்று சந்தேகம் வருகிறதல்லவா? ஆபீஸ் மெயிலில் நாம் ஒரு ஆள், மச்சினனுக்கு எழுதும் மெயிலில் வேறு ஆள் என்பது வாஸ்தவம்தானே.

சரி, அப்போது இந்தியாவில் என்ன நிலவரம்?

1986-ல் எர்நெட் என்கிற கல்வி வலைப்பின்னல் திட்டத்தை ஆரம்பித்திருந்தார்கள். பம்பாயில் இருந்த நேஷனல் சென்டர் ஃபார் சாஃப்ட்வேர் டெக்னாலஜி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், சென்னை உள்பட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், டெல்லியில் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் துறை. மொத்தம் எட்டு பேர். ஆரம்பத்தில் சதா சர்வகாலமும் திறந்திருக்கும் லைன் எல்லாம் கிடையாது. யூ.யூ.சி.பி. என்று ஒரு முறை. பெல் லேபில் பிறந்தது. ஒரு கம்ப்யூட்டர் நேரம் பார்த்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு போன் போடும். 'உனக்கு என்னிடம் இத்தனை இருக்கு, எனக்கு உன்னிடம் எத்தனை இருக்கு?' மூட்டையை மாற்றிக்கொள்ளும். போனை வைத்துவிடும். அந்த மூட்டையில் வேறு ஊருக்கான கடிதம் இருந்தால், அடுத்த போன் காலில் அது மேலே போகும். விலாசத்தையே வழி சொல்லித்தான் எழுத வேண்டும். நடுநடுவே ஆச்சரியக்குறி. உளுந்தூர்ப்பேட்டை!திருச்சி!மதுரை!மாணிக்கம் என்பது போல. எங்கே பஸ் மாறணும் என்பது அனுப்புகிறவன் தலைவலி.

1989-ல் பம்பாய் மையத்துக்கும் அமெரிக்காவில் யூ.யூ.நெட் நிறுவனத்துக்கும் நேர் லைன் போட்டார்கள். வேகம், விநாடிக்கு 9,600 பிட். ஒரு நாட்டுக்கே! இன்று உங்கள் போனில் வரும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ படம் ஒன்று அந்த லைனில் வந்திருந்தால், இந்தியக் கல்வி உலகம் சில நிமிடங்கள் கைகட்டி நின்றிருக்கும்.

பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி. வி.எஸ்.என்.எல். கொடுத்தது. ஷெல் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். மோடம் கீச்கீச்சென்று கத்தி, கனெக்ஷன் கிடைத்து, மெயில் பார்க்கப் போனால் என்ன வரும்? பைன்! சியாட்டில் பல்கலைக்கழகத்து சரக்கு, சென்னை வி.எஸ்.என்.எல். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. சென்னைக்காரர்களின் மெயில் விலாசத்தில் 'எம்.டி.' என்று இரண்டெழுத்து வரும். மெட்ராஸ். 1996-ல் ஊருக்கு சென்னை என்று பெயர் மாற்றினார்கள். மெயில் விலாசத்தில் மெட்ராஸ் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஒரு பக்கம் இன்டர்நெட் மணிக்கணக்கு ஓடும். மறுபக்கம் டெலிபோன் மீட்டர் ஓடும். லைனில் உட்கார்ந்து ஆற அமர யோசித்துக் கடிதம் எழுதினால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். ஆகவே ஷெல்லை விட்டு கிராஃபிக்ஸ் கணக்குக்கு மாறியதும் எல்லோரும் ஓடியது யூடோரா, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பக்கம். முதலில் எழுதி வைத்துக்கொள். அப்புறம் டயல் பண்ணு. 'சென்ட் அண்ட் ரிசீவ்' அமுக்கு. போனது போகும், வந்தது வரும். உடனே துண்டி. பிறகு படி. பாப் என்கிற ஏற்பாடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தியதைவிட, நம் டெலிபோன் பில்லுக்குத்தான் அதிகம் பொருந்தியது என்பது என் அபிப்பிராயம்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

பி.காம். முடித்துவிட்டு 2001-ல் முதல் வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் மெயில் கணக்கைப் போட்டுக்கொண்டேன். மதுரையில் ஒரு பெரியப்பா. ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ் கிளார்க். எழுபதைத் தாண்டியவர். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். அங்கே போய், அந்தப் பையனை டைப் அடிக்கச் சொல்லி, எனக்கு மெயில் அனுப்ப ஆரம்பித்தார். தமிழ்தான். ஆனால் ஆங்கில எழுத்தில். அப்போதெல்லாம் தமிழ் ஃபான்ட் என்றால் இங்கே அடித்தது அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். தாத்தாவின் பலசரக்குக் கடை எப்படி மூழ்கியது, யார் கையெழுத்துப் போட்டு நிலம் போயிற்று, என் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் எந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் வரிசையாக எழுதினார். மொத்தம் பதினொரு கடிதங்கள்.

2003-ல் பெரியப்பா காலமானார். அதற்கடுத்த வருடம் வேலை மாறினேன். கிளம்பும்போது கம்ப்யூட்டரை ஒப்படைத்தேன். இரண்டு நாளில் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் அடித்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது தப்பில்லை. ஆபீஸ் சொத்து. நான் நினைத்தது, 'கடிதமெல்லாம் மெயிலில்தானே இருக்கு' என்று. வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்தால், காலி. பாப் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து, அள்ளிக்கொண்டு போய், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்திருந்தது.

அவுட்லுக் எக்ஸ்பிரஸில், நாலு கதவு திறந்து உள்ளே போனால், ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'சர்வரில் ஒரு பிரதியை விட்டு வை.' அதில் டிக் அடித்திருக்க வேண்டும். தானாக அடித்து வராது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. பிரதியை விட்டு வைத்தால், அடுத்த முறை 'இதை ஏற்கெனவே எடுத்தாச்சு' என்று தெரிய வேண்டுமே? பாப்-3 கடிதங்களுக்குக் கொடுத்த நம்பர் அன்றன்றைக்கான டோக்கன் நம்பர்தான். இன்று 5, நாளை 2. கடிதத்துக்கென்று மாறாத ஓர் அடையாளத்தை பாப்பில் சேர்த்தது 1994-ல்தான். அதுவும் கட்டாயமில்லை, இஷ்டமிருந்தால்.

அதே 1994 டிசம்பரில் கிரிஸ்பின் 1733-ம் நம்பர் ஆர்.எஃப்.சி.யை எழுதினார். குட்டிக் கட்டுரை. இந்தத் தடவை ஜோக் இல்லை. கடிதத்தை வைத்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு என்றார். ஒன்று ஆஃப்லைன். அள்ளிக்கொண்டு போவது. பாப், யூ.யூ.சி.பி. இந்த ரகம். இரண்டு ஆன்லைன். அங்கேயே உட்கார்ந்து பார்ப்பது. மூன்றாவது, டிஸ்கனெக்டட். இந்த மூன்றாவதுதான் நம் கதாநாயகன்.

கிரிஸ்பின் எப்படிச் சொன்னாரோ, ஒரு பி.காம். ஆசாமிக்கு இதைப் படித்ததும் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வரும். பேங்க் ரீகன்சிலியேஷன்!

கடை வைத்திருப்பவர் ஒரு கேஷ் புக் எழுதுவார். பேங்க் ஒரு பாஸ் புக் எழுதும். இரண்டும் ஒரே பணத்தைப் பற்றித்தான். ஆனால் ஒரு நாளும் ஒத்துப்போகாது. நீங்கள் கொடுத்த செக் இன்னும் பேங்க்குக்கு வந்திருக்காது. பேங்க் கழித்த கமிஷன் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி டிக் அடித்து, மிச்சமிருப்பதற்குக் காரணம் கண்டுபிடித்து, சரிக்கட்ட வேண்டும்.

டிஸ்கனெக்டட் முறை இதேதான். பாஸ் புக் சர்வரில் இருக்கிறது. அசல் அதுதான். உங்கள் கம்ப்யூட்டரில் கேஷ் புக். லைன் இல்லாதபோது நீங்கள் படித்தது, அழித்தது, வேறு கட்டுக்கு மாற்றியது எல்லாம் கேஷ் புக்கில் ஏறும். லைன் வந்ததும் சரிக்கட்டல். கடைசியாக நான் பார்த்த நம்பர் 412. அதற்கு மேல் என்ன வந்திருக்கு? கொடு. 412 வரை உள்ளதில் எதெல்லாம் படித்ததாகக் குறி மாறியிருக்கு? சொல்லு. என்னிடம் 300-ம் நம்பர் இருக்கு, உன்னிடம் இல்லையா? அப்படியென்றால் வேறெங்கிருந்தோ அழித்துவிட்டார்கள். நானும் அழித்துவிடுகிறேன். இப்போது என் பக்கத்து மாற்றங்களை எழுதிக்கொள்.

இதற்கு ஐமேப்பில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நிரந்தர நம்பர். ஏறிக்கொண்டே போகும், திரும்ப வராது. அது தவிர ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ரகசிய முத்திரை எண் உண்டு. பேங்க்காரன் பழைய லெட்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக நம்பர் போட ஆரம்பித்தால் முத்திரையும் மாறும். 'இதுவரை தெரிந்த நம்பர் எதையும் நம்பாதே, முதலிலிருந்து வா' என்று அர்த்தம். என்றைக்காவது உங்கள் மெயில் புரோகிராம் காரணமில்லாமல் ஐந்து வருடக் கடிதத்தையும் மறுபடி இறக்க ஆரம்பித்தால் வைரஸ் என்று பதற வேண்டாம். முத்திரை மாறியிருக்கும்.

நாலு கணக்கு இருந்தால்? நாலு பேங்க், நாலு பாஸ் புக். தனித்தனியே சரிக்கட்டினால் போதும். ஒன்றின் நம்பர் இன்னொன்றுக்குச் செல்லாது. 2002-ல் ஜான் கோர்சன் என்பவர் ஆஃப்லைன்ஐமேப் என்று ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கு மெயில் படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது. எத்தனை கணக்கு கொடுத்தாலும் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் சரிக்கட்டி உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும். அவ்வளவுதான். சுத்தமான கணக்குப்பிள்ளை.

மெயிலில் ஒரு சௌகரியம் உண்டு. ஒருமுறை வந்த கடிதத்தின் வாசகம் மாறவே மாறாது. மாறுவதெல்லாம் அதன் மேல் போட்ட குறிகளும், அது இருக்கும் கட்டும்தான். ஆகவே சண்டை குறைவு. லோட்டஸ் நோட்ஸ் என்கிற புரோகிராம் இன்னும் துணிச்சலான வேலையைச் செய்தது. ரே ஓஸி தலைமையில் எழுதி, 1989-ல் வெளிவந்தது. அதில் இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரே ஆவணத்தைத் திருத்திவிட்டு லைனுக்கு வந்தால்? இரண்டையும் வைத்துக்கொண்டு, 'இங்கே ஒரு தகராறு இருக்கு' என்று எழுதி வைத்துவிடும். பஞ்சாயத்து மனிதர்கள் பாடு.

ஐமேப்பில் ஓட்டை இல்லாமல் இல்லை. ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குக் கடிதத்தை மாற்ற, அதில் 'மாற்று' என்ற கட்டளையே கிடையாது. அங்கே ஒரு நகல் எடு. இங்கே உள்ளதை அழிக்கவேண்டும் என்று பென்சிலால் அடித்து வை. பிறகு கிழித்துப் போடு. மூன்று வேலை. நடுவில் லைன் போனால் இரண்டு இடத்திலும் கடிதம் இருக்கும். ஒரே கட்டளையாக 'மாற்று' வந்தது 2013 ஜனவரியில்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும், 1986-ல் பிறந்தது, ஏன் 2001-ல் எனக்குக் கிடைக்கவில்லை?

காசு. வேறொன்றுமில்லை. கடிதம் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்றால் சர்வர்காரர் டிஸ்க் வாங்க வேண்டும். பாப்பில் நீங்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவதால் அவருக்கு இடம் மிச்சம். ஐமேப்பில் நீங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் நிரந்தரமாகப் படுத்துக்கொள்கிறீர்கள். 1996-ல் வந்த ஹாட்மெயில் இலவசமாகக் கொடுத்த இடம் 2 எம்.பி. கல்யாண போட்டோ நாலு வந்தால் பெட்டி நிரம்பிவிடும். பிறகு வருகிறதெல்லாம் 'இடமில்லை' என்று திரும்பிப் போகும்.

2004 ஏப்ரல் 1. மறுபடி அதே தேதி. ஒரு ஜி.பி. இடம் தருகிறோம் என்று கூகுள் அறிவித்தது. பல பேர் முட்டாள்கள் தின ஜோக் என்றே நினைத்தார்கள். அந்த நவம்பரில் ஜிமெயிலில் பாப் வசதி வந்தது. 2007 ஜூனில் ஐபோன். அக்டோபரில் ஜிமெயிலில் ஐமேப். இடம் மலிந்துவிட்டது. ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று மிஷின்கள் வந்துவிட்டன. இனி பாப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டான்ஃபோர்டில் நாலு மேஜைகளுக்காகப் போட்ட இடைக்கால ஏற்பாடு, ஊர் உலகத்துக்கே வேண்டியதாகிவிட்டது.

கிரிஸ்பின் ஜெயித்துவிட்டார். அவருக்கு என்ன கிடைத்தது? அடுத்த வருடம், 2008-ல், வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆட்குறைப்பு செய்தது. பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 2012 டிசம்பர் 28-ம் தேதி இறந்துபோனார். வயது 56. அந்த 'மாற்று' கட்டளை ஆர்.எஃப்.சி.யாக வெளியானது அதற்கு அடுத்த மாதம். டாம்லின்சன் பெயராவது க்விஸ் போட்டிகளில் வருகிறது. ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான போன்கள் சத்தமில்லாமல் சரிக்கட்டிக்கொண்டிருக்கிற இந்த மனிதரின் கணக்கை, அதை உபயோகிக்கிறவர்களிடம் கேட்டால் யாருக்கும் பெயர் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சரிக்கட்டுவது வேறு, பத்திரப்படுத்துவது வேறு. இதில் மாட்டாதவர்கள் குறைவு. போனில் கை தவறி ஒரு கடிதத்தை அழித்தால், கம்ப்யூட்டரிலும் அழியும், ஆபீஸிலும் அழியும். நாலு இடத்தில் இருக்கிறது என்ற தைரியம் பொய். இருப்பது ஒன்று, தெரிவதுதான் நாலு. 2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயிலில் ஒரு சாஃப்ட்வேர் கோளாறு. சில பயனாளர்கள் காலையில் திறந்து பார்த்தால் பெட்டி காலி. கூகுள் சொன்ன கணக்கில் 0.02 சதவிகிதம் பேர். பல டேட்டா சென்டர்களில் பல பிரதிகள் வைத்திருந்தும், கோளாறு எல்லாப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் எங்கிருந்து மீட்டார்கள் தெரியுமா? டேப். லைனில் சேராமல் அலமாரியில் கிடந்த பழைய காந்த நாடா. கூகுளே ஆனாலும் பரணில் ஒரு பெட்டி வைத்திருக்கிறது.

பரண் என்றதும் மதுரைக்குப் போக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் பெரியப்பாவின் வீட்டை விற்றார்கள். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. பழைய பட்டா நகல், பென்ஷன் பேப்பர், அடியில் ஒரு பைண்டர். நான் அவருக்குப் போட்ட பதில்கள். அவருக்குத் திரையில் படிக்க வராது. பிரவுசிங் சென்டர் பையனை பிரின்ட் எடுக்கச் சொல்லி, பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்து, ஓட்டை போட்டு, கயிறு கட்டி, தேதி வாரியாக வைத்திருந்தார். தாலுகா ஆபீஸ் பழக்கம்.

என் பதில்கள் ஒன்றும் பிரமாதமில்லை. 'நலம் பெரியப்பா, வேலை ஜாஸ்தி, அப்புறம் விவரமா எழுதறேன்' என்று நாலு வரி. எல்லாம் இதே கதைதான். ஆனால் பக்கம் அங்கே முடியவில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் பதில் போட்டால், வந்த கடிதத்தைக் கீழேயே ஒட்டி அனுப்பும். ஒரு கோடு. 'ஒரிஜினல் மெசேஜ்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ஆங்கில எழுத்தில், பெரியப்பா. தாத்தாவின் கடை, கையெழுத்து, கொட்டகை.

பதினொன்றில் ஏழு கிடைத்தன. மற்ற நாலு கடிதங்களுக்கு நான் பதில் எழுதவில்லை. போனில் பேசிவிட்டேன்.